ஆயிரத்தில் ஒருத்தி

1948 மே மாதம் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 'கேன்சர்' என்ற மருத்துவ இதழைத் தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே, அறுபது பக்க இடைவெளியில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. இரண்டுமே நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையிலிருந்து வந்தவை. திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்லும் ஃப்ரெட் ஸ்டூவர்ட் என்ற மருத்துவரின் பெயர் இரண்டிலும் இருந்தது.

முதல் கட்டுரையின் தலைமை ஆசிரியர் வில்லியம் கஹான். ஏதோ ஒரு நோய்க்காக எலும்பில் கதிர்வீச்சு பெற்ற பதினொரு பேருக்குப் பல ஆண்டுகள் கழித்து அதே எலும்பில் சார்கோமா என்ற புற்று முளைத்ததை அது விவரித்தது. இரண்டாவதை ஸ்டூவர்ட் தன் சகா நார்மன் ட்ரீவ்ஸுடன் சேர்ந்து எழுதினார். மார்பகம் அகற்றப்பட்டு, கை வீங்கிப்போய், அந்த வீக்கத்தோடே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த ஆறு பெண்களின் கதை அது. வீங்கிய கையின் தோலில் ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தோன்றின. பழைய மார்பகப் புற்றுதான் தோலுக்குப் பரவிவிட்டது என்று எந்த மருத்துவரும் நினைத்திருப்பார். ஸ்டூவர்ட்டும் ட்ரீவ்ஸும் அப்படி நினைக்கவில்லை. இது மார்பகத்திலிருந்து வந்ததே இல்லை, நாளங்களின் உட்சுவரிலிருந்து பிறந்த வேறொரு புற்று என்றார்கள்.

மார்பகப் புற்றுநோயைக் குணப்படுத்தும் சிகிச்சையே அரிதாக இன்னொரு புற்றுக்கு வழிவிடும் என்ற விஷயத்தின் இரு நுனிகளும் அந்த ஒரே இதழில் இருந்தன: கதிர், கையை வீங்கவைத்த நிணநீர்த் தேக்கம். இரண்டையும் முடிச்சுப் போடப் பிறகு ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது.

கதிர் புற்றை உண்டாக்கும் என்பது 1948க்கு வெகுகாலம் முன்பே தெரிந்த செய்திதான். 1895 இறுதியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயை அறிவித்தார். சில ஆண்டுகளுக்குள் எக்ஸ்ரே குழாய்களோடு வேலை செய்தவர்களின் கைகளில் ஆறாத புண்கள் வந்தன. அப்படி ஒரு கையில் புண் தோல் புற்றாக மாறியதை 1902இல் ஹாம்பர்க்கில் ஃப்ரீபன் என்ற மருத்துவர் பதிவு செய்தார். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி இரண்டு கைகளையும் இழந்து 1904இல் இறந்தார். டாலிக்கு நேர்ந்ததைப் பார்த்து எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சியையே கைவிட்டார். இதே ஆண்டுகளில்தான் எக்ஸ்ரே புற்றுக்கட்டிகளைச் சுருக்குகிறது என்ற கண்டுபிடிப்பும் நடந்தது. ஆக, மருந்தும் நஞ்சும் ஒன்றே என்பது கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிறவியிலேயே வாய்த்த குணம்.

நம்மூரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லப்படும் இந்தச் சிகிச்சையில் நோயாளிக்குச் சூடோ வலியோ தெரிவதில்லை. காரணம் எளிது. மார்பகத்துக்கு நெடுங்காலம் கொடுக்கப்பட்டுவந்த அளவு, நாளொன்றுக்கு 2 கிரே வீதம் 25 நாட்களில் 50 கிரே. ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் தங்கினால் அது ஒரு கிரே. ஒரு நாளுக்குரிய 2 கிரே, திசுவின் வெப்பநிலையை ஒரு டிகிரியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் உயர்த்தும். ஒரு வாய் வெந்நீர் அதைவிட எத்தனையோ மடங்கு ஆற்றலை உடம்புக்குள் கொண்டுபோகிறது. ஆனால் வெந்நீரின் ஆற்றல் எல்லா மூலக்கூறுகளுக்கும் பரவிப் பங்கிடப்பட்டுவிடும். கதிரின் ஆற்றலோ மிகச் சிறிய இடங்களில் குவிந்து இறங்குகிறது. எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிகிறது, தண்ணீரை உடைத்து வெறிபிடித்த மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவற்றின் பாதையில் டிஎன்ஏ இருந்தால் அது அறுபடும். ஒரு கிரே கதிருக்கு ஒவ்வொரு செல்லிலும் சில பத்து இடங்களில் டிஎன்ஏவின் இரு இழைகளும் சேர்ந்தே அறுந்துபோகின்றன.

ஆரோக்கியமான செல்லுக்கு இதைச் சரிசெய்யத் தெரியும். புற்று செல்களில் பலவற்றுக்கு அந்தத் திறமை குறைவு. ஒரே நாளில் மொத்தக் கதிரையும் கொட்டாமல் வாரக்கணக்கில் பிரித்துக் கொடுப்பதற்கு முக்கியமான நியாயம் இதுதான்: நல்ல செல்களுக்கு இரவோடு இரவாகப் பழுதுபார்க்க அவகாசம் கிடைக்கும். ஆனால் தறியில் அறுந்த இழைகளை இருட்டில் முடிச்சுப்போடும் நெசவாளியைப் போல, செல் சில நேரம் தவறான இரு நுனிகளைச் சேர்த்துவிடும். ஒரு குரோமோசோமின் துண்டு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும், ஒரு மரபணு பல படிகளாகப் பெருகிவிடும், ஒன்று காணாமலே போய்விடும். இப்படிக் குளறுபடியான செல்களில் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன. சாகாமல், பிரியும் திறனையும் இழக்காமல், குளறுபடியோடு தங்கிவிடும் ஒன்றிரண்டுதான் பிரச்சினை. அவை கட்டியாக வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

சிகிச்சை எப்படி மாறியது என்பதையும் இங்கே பார்த்துவிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த முறையில் மார்பகம், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அத்தனையும் ஒரே மொத்தமாக அகற்றப்பட்டன. கணுக்கள் போனதும் கையிலிருந்து நிணநீர் வடிய வழியில்லாமல் போனது. யானைக்கால் நோயில் கால் வீங்குவதும் நிணநீர்த் தேக்கத்தால்தான். நெடுநாள் யானைக்கால் வீக்கத்திலும் மிக அரிதாக இதே நாளப் புற்று வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. ஸ்டூவர்ட்டும் ட்ரீவ்ஸும் பார்த்த ஆறு பெண்களும் ஹால்ஸ்டெட் காலத்தின் பிள்ளைகள்.

இந்தக் கொடூரமான அறுவை சிகிச்சை தேவைதானா என்று கேட்டவர்களில் இருவர் முக்கியமானவர்கள். மிலான் நகரில் உம்பெர்டோ வெரோனேசி 1973இலும், அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976இலும் பெரிய ஆய்வுகளைத் தொடங்கினார்கள். கட்டியையும் அதைச் சுற்றிய பகுதியையும் மட்டும் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் மார்பகத்துக்குக் கதிர் கொடுத்தால் போதுமா என்பது கேள்வி. இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002இல் இருவரும் முடிவை வெளியிட்டார்கள். மார்பகத்தை அகற்றியவர்களுக்கும் காப்பாற்றியவர்களுக்கும் உயிர்பிழைப்பதில் வித்தியாசமே இல்லை. ஃபிஷரின் ஆய்வில், மார்பகத்தைக் காப்பாற்றிக் கதிரும் பெற்றவர்களில் 14.3 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் புற்று திரும்பியது. கதிர் பெறாதவர்களில் அது 39.2 சதவீதம். பதினேழு ஆய்வுகளில் பங்கெடுத்த 10,801 பெண்களின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து 2011இல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட கணக்கு இன்னும் அழுத்தமானது: கதிர் பெற்றவர்களில் பதினைந்து ஆண்டுகளுக்குள் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் 21.4 சதவீதம், பெறாதவர்களில் 25.2 சதவீதம்.

இந்த வெற்றிக்குள்ளேதான் புதிய ஆபத்து ஒளிந்திருந்தது. மார்பகம் காப்பாற்றப்பட்டால் அதன் தோலும் காப்பாற்றப்படுகிறது. அந்தத் தோல் முழுவதும் கதிர் பட்ட தோல். அதற்குரியவள் இப்போது பத்தாண்டு, இருபதாண்டு வாழ்கிறாள். 1980களின் பிற்பகுதியிலிருந்து மருத்துவ இதழ்களில் ஒரு புதுவகை நோயாளி தலைகாட்டத் தொடங்கினாள். கை வீங்கவில்லை. மார்பகத்தின் தோலிலேயே ஊதாப் படை. நுண்ணோக்கியில் ஸ்டூவர்ட்டும் ட்ரீவ்ஸும் கண்ட அதே புற்று: ஆஞ்சியோசார்கோமா.

சுரப்பிகளிலும் மேற்புற உறைகளிலும் பிறக்கும் புற்று கார்சினோமா. எலும்பு, தசை, கொழுப்பு, நாளங்கள் போன்றவற்றில் பிறப்பது சார்கோமா. வயது வந்தோரின் புற்றுகளில் சார்கோமாக்களின் பங்கு நூற்றில் ஒன்று அளவுதான். அந்த ஒன்றிலும் மிகச் சிறு பகுதியே ரத்த, நிணநீர் நாளங்களின் உட்சுவரில் பிறக்கும் ஆஞ்சியோசார்கோமா. கதிருக்குச் சம்பந்தமில்லாமல் தானாக மார்பகத்தில் வருவதும் உண்டு. அது பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுப் பெண்களுக்கு, மார்பகத்தின் ஆழத்தில் கட்டியாக வரும். கதிருக்குப் பின் வருவது தோலில், பெரும்பாலும் எழுபதை ஒட்டிய வயதில். ஒரே பெயர் என்றாலும் நடத்தை வேறு.

எத்தனை பேருக்கு வருகிறது? நெதர்லாந்தில் 1989 முதல் நாடு முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. கிட்டத்தட்ட மூன்று லட்சம் மார்பகப் புற்று நோயாளிகளை அதில் தேடி 2019இல் வெளியான ஆய்வு, கதிர் பெற்றவர்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு என்று கணக்குச் சொன்னது. கதிருக்கும் புற்றுக்கும் நடுவில் கழிந்த காலம் பொதுவாக எட்டு ஆண்டுகள். மூன்றே ஆண்டில் வந்ததும் உண்டு, இருபது ஆண்டு காத்திருந்து வந்ததும் உண்டு.

ஆயிரத்தில் ஒன்று என்பதை இரண்டு இடங்களிலிருந்து பார்க்க வேண்டும். கதிர் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இந்த எண் ஏறக்குறைய பொருட்டே இல்லை. அதே மார்பகத்தில் புற்று திரும்புகிறவர்களை நூற்றுக்கு இருபத்தைந்து பேர் அளவில் குறைக்கும் ஒரு சிகிச்சையை, ஆயிரத்தில் ஒன்றுக்குப் பயந்து ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. இதைப் படித்துவிட்டுக் கதிர்வீச்சுக்குப் போகாமல் இருந்துவிட ஒருவர் நினைத்தால் இந்த அத்தியாயம் எழுதப்படாமலே இருந்திருக்கலாம். ஆனால் எட்டு ஆண்டு கழித்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒரு கன்றிய தடத்தைப் பார்க்கும் பெண்ணுக்கு அதே எண் வேறு விதமாக வேலை செய்கிறது. அவள் போய்க் காட்டும் மருத்துவர் தன் வாழ்நாளில் இந்த நோயை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். நோய் அரிதாக இருப்பதே அவளுக்கு எதிரியாகிவிடுகிறது.

அந்தத் தடம் அப்படி ஒன்றும் பயமுறுத்தும் தோற்றமுடையது இல்லை என்பதுதான் சிக்கல். எங்கோ இடித்துக்கொண்டு ரத்தம் கட்டியது போல இருக்கும். வலிக்காது. சிவந்தோ நீலம் பாரித்தோ, சில நேரம் சொறி போலவோ, தோல் லேசாகத் தடித்தோ இருக்கும். இடித்துக்கொண்ட நினைவு இல்லாவிட்டாலும், வயதான பெண்மணி எங்காவது இடித்திருப்பார் என்று வீட்டார் சொல்வார்கள். கதிரால் வந்த தோல் மாற்றம் என்பார் ஒருவர், கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் எழுதுவார் இன்னொருவர். மேமோகிராம் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, மிஞ்சிப்போனால் தோல் தடிப்பு தெரியும். அது கதிர் பெற்ற மார்பகத்தில் சாதாரணமாகக் காணப்படுவதுதான். "மேமோகிராம் நன்றாக இருக்கிறது" என்ற ஒரு வரி மாதக்கணக்கைத் தின்றுவிடும். ரத்தக்கட்டாக இருந்தால் இரண்டு மூன்று வாரங்களில் பச்சையாகி, மஞ்சளாகி மறைந்துவிடும். இது மறையாது, பரவும்.

நுண்ணோக்கியிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. கதிர் பட்ட தோலில் பெரும்பாலும் ஆபத்தில்லாத நாளப் பெருக்கங்களும் வருகின்றன. 1994இல் ஃபைன்பெர்க், ரோசன் என்ற இருவர் இவற்றைத் தனி வகையாக விவரித்தார்கள். சிகிச்சைக்குப் பின் இவை சார்கோமாவைவிடச் சீக்கிரமே, பொதுவாக மூன்று ஆண்டு வாக்கில் தோன்றும். ஊசியால் ஒரு துளி திசு எடுத்துப் பார்த்தால் எது எது என்று பிரிப்பது கஷ்டம். 2010இல் இதற்கு நல்ல அடையாளம் ஒன்று கிடைத்தது. கதிருக்குப் பின்னும் நிணநீர் வீக்கத்துக்குப் பின்னும் வந்த ஆஞ்சியோசார்கோமாக்கள் பலவற்றில் எட்டாம் குரோமோசோமிலிருக்கும் எம்ஒய்சி என்ற மரபணு பல படிகளாகப் பெருகியிருந்தது. செல்லை 'பிரி, பிரி' என்று முடுக்கும் மரபணு அது. ஆபத்தில்லாத நாளப் பெருக்கங்களில் அந்தப் பெருக்கம் இல்லை. இன்று சந்தேகமான பயாப்ஸியை நோயியல் மருத்துவர் இந்தச் சோதனைக்கு அனுப்புகிறார். கதிரும் நிணநீர்த் தேக்கமும் ஒரே மரபணுவில் வந்து சந்தித்ததைப் பார்க்க ஸ்டூவர்ட் இல்லை.

சிகிச்சைக்கு முதன்மையான வழி கத்திதான். தெரிகிற படையை மட்டும் வெட்டினால் பெரும்பாலும் வெட்டிய ஓரத்திலேயே திரும்பி வருகிறது, ஏனென்றால் நோய் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டித் தோலுக்குள் பரவியிருக்கும். கதிர் பட்ட தோல் முழுவதையும் மார்பகத்தோடு அகற்றி, தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ தோல் எடுத்து மூடும் பெரிய அறுவை சிகிச்சையில் பிழைத்தவர்கள் கணிசமாக அதிகம் என்று பாஸ்டன் மருத்துவர்கள் 2017இல் காட்டினார்கள். பேக்லிடாக்சல் போன்ற கீமோ மருந்துகள் கட்டியைச் சுருக்கும், ஆனால் அந்தப் பலன் பலருக்கு நீடிப்பதில்லை. கதிரால் வந்த புற்றுக்கு மறுபடியும் கதிரே கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஒரே நாளில் பலமுறை சிறு அளவுகளாகக் கொடுத்து ஒரு சில நோயாளிகளிடம் நல்ல பலன் கண்டார்கள். எப்படிப் பார்த்தாலும் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர்தான். படை சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தவர்கள் அந்தப் பாதியில் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு குறிப்பிட்ட பெண்ணின் புற்று கதிரால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? கஹான் குழு 1948இலேயே நிபந்தனைகளை வகுத்திருந்தது. கதிர் பட்ட இடத்துக்குள்ளேயே முளைத்திருக்க வேண்டும், பழைய நோயும் புதியதும் வேறு வேறாக இருக்க வேண்டும், நடுவில் நோயற்ற நீண்ட காலம் கழிந்திருக்க வேண்டும், புதியது சார்கோமா என்று நுண்ணோக்கியில் உறுதியாக வேண்டும். ஐந்து ஆண்டுகள் என்று முதலில் வைத்த இடைவெளியைப் பின்னால் வந்தவர்கள் தளர்த்திக்கொண்டார்கள். மற்றபடி இன்றும் அதே அளவுகோல்தான்.

ஆஞ்சியோசார்கோமாவைக் கதிரோடு முடிச்சுப்போட முடிந்ததற்குக் காரணம் அது அபூர்வமாக இருப்பதே. வேறு வழியில் வந்திருக்க வாய்ப்பு குறைவு என்பதால் குற்றவாளி உடனே மாட்டிக்கொள்கிறான். ஆனால் கதிரின் ஓரத்தில் நுரையீரலும் இருக்கிறது, உணவுக்குழாயும் இருக்கிறது, மறுபக்க மார்பகமும் இருக்கிறது. அங்கே வரும் புற்றுகள் எல்லோருக்கும் சாதாரணமாக வருபவை. ஒரு பெண்ணின் நுரையீரல் புற்று கதிரால் வந்ததா, சிகரெட்டால் வந்ததா, சும்மா வந்ததா என்று அவளை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பல்லாயிரம் பேரைச் சேர்த்து எண்ணினால்தான் கூடுதல் எண்ணிக்கை தெரியும். பெயரும் புகழும் அரிய புற்றுக்குப் போய்விட, எண்ணிக்கையில் பெரிய கேடு பெயரில்லாமல் ஒளிந்திருக்கிறது.

அப்படி எண்ணிப் பார்த்தார்கள். 75 ஆய்வுகளில் 40,781 பெண்களின் தரவுகளைச் சேர்த்து 2017இல் வெளியான கணக்கில், இன்றைய கதிர் முறைகளால் கூடுதலாக நேரும் நுரையீரல் புற்று, புகைக்காத பெண்களுக்கு 0.3 சதவீதம் அளவு. சிகரெட்டை விடாமல் தொடர்கிறவர்களுக்கு ஏறத்தாழ 4 சதவீதம். கதிரால் கிடைக்கும் நன்மையையே பல புகைப்பழக்கப் பெண்களிடம் இந்த எண் விழுங்கிவிடும். சிகிச்சை தொடங்கும் நாளில் புகையை நிறுத்துவதைவிடச் சிறந்த கதிர்ப் பாதுகாப்பு அவர்களுக்கு வேறில்லை. மறுபக்க மார்பகத்தைப் பொறுத்தவரை வயதுதான் தீர்மானிக்கிறது. நாற்பதைத் தாண்டாத பெண்களின் மறுபக்க மார்பகத்தில் சிதறிய கதிர் ஒரு கிரேக்கு மேல் பட்டிருந்தால் அங்கே புற்று வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கானது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் அப்படி ஒரு ஏற்றம் தெரியவில்லை.

பல வகைப் புற்றுகளுக்குக் கதிர் பெற்ற வயது வந்தவர்களை எடுத்துக்கொண்டு அமெரிக்கப் பதிவேட்டில் 2011இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த இரண்டாவது புற்றுகளில் கதிரின் தலையில் கட்ட முடிந்தது 8 சதவீதம்தான். மிச்சமெல்லாம் வயது, பரம்பரை, பழக்கவழக்கம்.

பரம்பரை என்று வரும்போது ஒரு விதிவிலக்கு முக்கியம். செல்லில் டிஎன்ஏ பழுதாகும்போது அதை நிறுத்தியோ சாகடித்தோ காவல் காக்கும் டிபி53 மரபணு சிலருக்குப் பிறவியிலேயே பழுதாக இருக்கும். லி-ஃப்ராமேனி நோய்க்கூட்டம் என்று அதற்குப் பெயர். இந்தப் பெண்களுக்கு மார்பகப் புற்று இளம் வயதிலேயே வருகிறது, கதிர் பட்ட இடத்தில் சார்கோமா வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட மிக அதிகம். ஆகவே அவர்களுக்கு மார்பகத்தைக் காப்பாற்றிக் கதிர் கொடுப்பதைவிட முழுவதையும் அகற்றிவிடுவதையே மருத்துவர்கள் விரும்புகிறார்கள். முப்பது வயதில் மார்பகப் புற்று கண்ட பெண்ணிடம் சிகிச்சைக்கு முன்பே மரபணுச் சோதனை கேட்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

மற்றவர்களுக்குக் கதிரின் அளவே குறைந்துகொண்டு வருகிறது. 25 நாள் கதிர், பிரிட்டிஷ் ஆய்வுகளால் 15 நாளில் 40 கிரேயாகச் சுருங்கியது. 2020இல் அதுவும் ஐந்தே நாளில் 26 கிரேயாக முடிந்தது. அறுபத்தைந்து வயதைத் தாண்டிய, ஆபத்து குறைந்த கட்டியுள்ள பெண்களுக்குக் கதிர் இல்லாமல் ஹார்மோன் மாத்திரை மட்டும் போதுமா என்று 1,326 பேரிடம் சோதித்த ஆய்வின் பத்தாண்டு முடிவு 2023இல் வந்தது. கதிர் பெறாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் புற்று திரும்பியது, பெற்றவர்களில் 0.9 சதவீதம். ஆனால் உயிரோடு இருந்தவர்கள் இரண்டு பக்கமும் சமம். ஆஞ்சியோசார்கோமா அதிகம் வருவதும் இந்த வயதினருக்குத்தான் என்பதால், கதிரைத் தவிர்க்கலாமா என்ற பேச்சு இவர்களிடம் அர்த்தமுள்ளது.

பின்தொடரும் பரிசோதனையில்தான் இடைவெளி இருக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை முடிந்தபின் ஐந்து ஆண்டுகள் வருடாவருடம் மேமோகிராம் எடுக்கிறார்கள். அதன்பின் குறிப்பிட்ட வயதுப் பெண்களுக்குப் பொதுவான, மூன்று ஆண்டுக்கொரு முறை நடக்கும் பரிசோதனைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆஞ்சியோசார்கோமாவோ எட்டாம் ஆண்டு வாக்கில் வருகிறது, வந்தாலும் மேமோகிராமில் தெரிவதில்லை. அந்த நேரத்தில் அந்தப் பெண்ணைப் பார்ப்பவர் புற்றுநோய் மருத்துவராக இருக்க மாட்டார். தோல் மருத்துவரோ குடும்ப மருத்துவரோதான் இருப்பார். அவரிடம் போகிறவள் தடம் இருக்கும் அந்த இடத்தில் எந்த ஆண்டு, எத்தனை கிரே கதிர் பெற்றாள் என்பதைப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டோடு சொல்ல வேண்டும். மருத்துவர் செய்ய வேண்டியது சில மில்லிமீட்டர் அகலத் துளைக்கருவியால் தோலை முழு ஆழத்துக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவது, அதுவும் ஒரே இடத்திலிருந்து இல்லாமல் படையின் பல இடங்களிலிருந்து. முதல் முடிவு 'ஒன்றுமில்லை' என்று வந்து, படை மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தால், மறுபடியும் எடுக்க வேண்டும்.